சாப்டாச்சுங்களா

நாச்சிமுத்துவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை. மூளையில் ரத்தம் அடைத்து, வலப்பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போனபோது 'ஆச்சு' என்ற சொல் மட்டும் எப்படியோ தப்பித்து அவர் நாக்கில் தங்கிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆச்சு. ஃபேனை நிறுத்தச் சொல்வதும் ஆச்சு. முப்பது வருஷம் உடுமலையில் தேங்காய் ஏலம் விட்ட வாய் அது. அவர் ஒரு விலை சொன்னால் மண்டிக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பவனுக்கும் கேட்கும். அந்த வாய்க்கு இப்படியொரு கதி.

அவர் மனைவி மரகதத்துக்கு இதில் பெரிய கஷ்டமில்லை. வார்த்தை ஒன்றுதான், ராகம் பல. ஆச்சூ என்று இழுத்தால் பசி. வெட்டிச் சொன்னால் கோபம். கடைசியில் தூக்கிச் சொன்னால் ஏதோ கேட்கிறார் என்று அர்த்தம். சாயங்காலத்தில் குரலை இறக்கி மெல்லச் சொல்வார். அப்போது அவள் போட்ட வேலையைப் போட்டபடி விட்டுவிட்டு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். படுக்கையில் விழாத காலத்தில் அவர் அந்த ராகத்தில் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்பது வேறு விஷயம்.

கஷ்டம் தூக்குவதில்தான் இருந்தது. மனுஷன் ஆறடி, அதற்கேற்ற உடம்பு. காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து குளியலறைக்கு, மறுபடி கட்டிலுக்கு. அவர் இடக்கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, தன் இரண்டு கைகளையும் அவர் அக்குளுக்குக் கீழே கொடுத்து, மூச்சைப் பிடித்து எழுப்புவாள். வேற்று ஆள் தொட்டால் அவர் வெட்டி வெட்டி ஆச்சு சொல்லிக் கையை வீசுவார். வந்த நர்சுகள் யாரும் வாரம் தாண்டியதில்லை.

மரகதமும் லேசான ஆளில்லை. ஐம்பத்திரண்டு வயது, தொண்ணூறு கிலோ தாண்டிய எடை, சர்க்கரை, உட்கார்ந்தால் எழ விடாத முட்டி. டாக்டர் ரெஹானா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மெட்ராஸ்காரி ஆனதால் நேராகவே சொன்னாள்.

"அம்மா, இந்த முட்டி ரொம்ப நாள் தாங்காது. அப்புறம் அவரைத் தூக்க ஒரு ஆள், உங்களைத் தூக்க ஒரு ஆள்னு வீட்டுல வைக்கணும். எடையைக் குறைக்கலாம். சிமிழ் வெச்சுக்கிறீங்களா?"

"ஊசிங்களா?"

"ஊசியெல்லாம் நாங்க படிக்கிற காலத்துல. எல்லாருக்கும் ஒரே கணக்கா மருந்து போகும். பாதிப்பேர் பசி இல்லைன்னு சாப்பிடறதையே விட்டுட்டாங்க. கொழுப்போட தசையும் கரைஞ்சுபோச்சு. இது அப்படி இல்ல. புஜத்துல தோலுக்கடியில வெச்சிடுவோம். மூணு வேளையும் சாப்ட்டீங்களான்னு அதுவே கேக்கும். சாப்பிடலைன்னு நீங்க சொன்னா மருந்தைக் குறைச்சு, கொஞ்சம் பசியைத் திருப்பிக் கொடுக்கும். சாப்ட்டேன்னு சொன்னா அதே அளவுல மருந்தை விடும். உண்மையைச் சொல்லணும், அவ்வளவுதான்."

"அதுகிட்டப் பொய் சொல்லி எனக்கென்னுங்க ஆகப்போகுது?"

"இன்னொண்ணு. மருந்து பசியைத்தான் எடுக்கும், உடம்போட தேவையை எடுக்காது. உங்க வயசுல தூரம் நின்ன பிறகு எலும்பும் தசையும் சும்மாவே கரையும். அதனால பசிக்கலைன்னாலும் நேரத்துக்கு முட்டை, பயறு, கொள்ளு, மீன் எல்லாம் சாப்பிடணும். கொஞ்சம் கனம் தூக்கிப் பழகணும்."

"கனந்தானுங்க? அதத்தான் தெனமும் தூக்கறேன்," என்று மரகதம் சிரித்தாள்.

புளியங்கொட்டை அளவுதான் இருந்தது சிமிழ். வைத்த மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் கணவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். புஜத்திலிருந்து ஒரு பெண்குரல், பக்கத்து வீட்டு மருமகள் வேலியோரம் நின்று கேட்கிற மாதிரி, அத்தனை பதவிசாகக் கேட்டது.

"சாப்டாச்சுங்களா?"

மரகதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிலிலிருந்து நாச்சிமுத்து உடனே "ஆச்சு" என்றார். சிமிழ் அதைக் காதிலேயே வாங்கவில்லை. வைத்துக்கொண்டவர் குரலுக்கு மட்டும்தான் அது செவி கொடுக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மறுபடியும் கேட்டது. "சாப்டாச்சுங்களா?"

அவள் பச்சைத்தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. ஆனால் வாய் தன்பாட்டுக்கு, "ஆச்சுங்க," என்றது.

"ரொம்ப சந்தோசமுங்க," என்றது சிமிழ்.

அந்தப் பக்கத்து மனிதர்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமிருக்காது. அங்கே அந்தக் கேள்வி சோற்றைப் பற்றியதே அல்ல. கேட்பவர் மரியாதைக்குக் கேட்கிறார், மரியாதைக்கு ஆச்சுங்க என்று சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்ட மனுஷி இலை போட்டாக வேண்டும். அடுத்த வீட்டில் சோறு கேட்ட மாதிரி ஆகிவிடும். இது ஒரு கொட்டை, பாவம், எங்கே போய் இலை போடும் என்று மரகதம் நினைத்தாள். தவிர, கல்யாணமான நாளிலிருந்து நீ சாப்பிட்டாயா என்று அவளை அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நாச்சிமுத்து மண்டியிலிருந்து வந்ததும் "ஆச்சா?" என்பார். அது சமையல் ஆகிவிட்டதா என்ற கேள்வி. வேளாவேளைக்கு ங்க போட்டுக் கேட்கிற ஒரு குரலிடம், இன்னும் இல்லை என்று மூஞ்சியில் அடித்தாற்போல எப்படிச் சொல்வது? மத்தியானம் கேட்டது. ஆச்சுங்க. ராத்திரி கேட்டது. ஆச்சுங்க. சந்தோசமுங்க, சந்தோசமுங்க என்று அதுவும் பூரித்துப்போனது.

பசி என்ற ஒன்று ஓசைப்படாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டது. அரை இட்லியில் வயிறு நிறைந்தது. சில நாள் அந்த அரையும் தட்டிலேயே காய்ந்தது. டாக்டர் சொன்ன முட்டையும் கொள்ளும் நாச்சிமுத்துவுக்குத்தான் போயின. சர்க்கரை இறங்கியது, முட்டிவலி குறைந்தது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தாள், பிறகு மறுபடியும் பிடித்துத் தைத்தாள். பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மண்டபமே அவளைத்தான் பார்த்தது. "என்னண்ணி, எனக்கே தங்கச்சியாட்டம் ஆயிட்டீங்க!" என்று நாத்தனார் வயிறெரியச் சொன்னாள். மரகதத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. எத்தனை வருஷமாகக் குண்டம்மா என்று கேட்ட காது அது.

பசியோடு வேறு சிலதும் போயின, அதை அவள் கவனிக்கவில்லை. தாளிக்கிற வாசனை மூக்கில் ஏறவில்லை. உயிராகப் பார்த்த சீரியலில் யார் யாரைக் கட்டினால் என்ன என்று தோன்றிவிட்டது. பிறகு ஊறுகாய் பாட்டில் மூடி திறக்க மறுத்தது. அப்புறம் மாவுச் சட்டி கனத்தது. நாச்சிமுத்துவைத் தூக்கும்போது கை நடுங்க ஆரம்பித்தது. வயசாகிறதில்லையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவருக்கு மட்டும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அவள் கை கொடுக்கும்போதெல்லாம் ஆச்சு என்பதன் கடைசியைத் தூக்கி, கேள்வியாகச் சொன்னார்.

"ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்கறேன்," என்பாள்.

ஒருநாள் காலை குளியலறையில் அது நடந்தது. நாற்காலியிலிருந்து அவரை எழுப்பி, பாதி தூரம் நிமிர்த்திவிட்டாள். முட்டி வலிக்கவே இல்லை. முட்டி நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேலே தொடையில்தான் ஒன்றுமே இல்லை. இருவரும் ஒன்றாகச் சரிந்தார்கள். அவர் கீழே, இவள் மேலே. எலும்பு முறிகிற சத்தம் ஈரத்தரையில் தெளிவாகக் கேட்டது. நாச்சிமுத்து அலறவில்லை. அவளைப் பார்த்தபடி மெல்ல, சாயங்கால ராகத்தில், ஆச்சு என்றார். அவள் வாழ்நாள் முழுக்க மறக்கப்போவதில்லை அதை.

கோவையில் இடுப்புக்கு ஆபரேஷன் ஆகி அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது டாக்டர் ரெஹானா மரகதத்தைத் தன் அறையில் உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள். மரகதத்தால் முடியவில்லை. மறுபடி முயன்றாள், நாற்காலிதான் பின்னால் நகர்ந்தது.

"என்னம்மா இது? கொழுப்பு கரைஞ்சது சரி, தசை பாதிக்கு மேல போயிருக்கு. நேரத்துக்குச் சாப்பிடறீங்களா இல்லையா?"

மரகதம் பதில் சொல்வதற்குள் மத்தியானம் ஒரு மணியாகிவிட்டது.

"சாப்டாச்சுங்களா?" என்றது புஜம்.

"ஆச்சுங்க," என்றாள் மரகதம்.

"ரொம்ப சந்தோசமுங்க."

டாக்டர் அவளையே பார்த்தாள். "எப்ப சாப்ட்டீங்க?"

"இல்லீங்க. நேத்து மத்தியானம் ஒரு வாய் காப்பி."

"அப்புறம் ஏன் ஆச்சுன்னீங்க?"

"கேட்டாங்கல்லீங்க."

"யாரும்மா கேட்டாங்க? அது மெஷின்!"

மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள். "மெசினா இருந்தா என்னுங்க, அத்தனை மருவாதியாக் கேக்குது. இல்லீன்னு சொன்னா அது மனசு சங்கடப்படாதுங்களா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்து, பாதியில் செத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மரகதத்திடம் சொன்னாளா தன்னிடமே சொல்லிக்கொண்டாளா தெரியாது.

"போன வருஷம்தான் இந்தக் குரலை மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி ஒரு குரல். 'உணவு உட்கொண்டீர்களா? ஆம், இல்லை.' இங்க யாருக்கும் பிடிக்கல. சரின்னு கம்பெனிக்காரன் அந்தந்த ஊர்ப் பேச்சுல குரல் வெச்சான். இங்க இந்தக் குரல் வந்ததுலேர்ந்து விழறதும் உடையறதுமா என்கிட்ட வந்துக்கிட்டே இருக்காங்க. தண்ணியா, மண்ணான்னு நான் தேடிக்கிட்டிருந்தேன். இவ்வளவு மரியாதையா கேட்டா நீங்க யாருமே இல்லைன்னு சொல்ல மாட்டீங்க, இல்ல?"

"சொன்னா நல்லாருக்காதுங்களே," என்றாள் மரகதம்.

அன்றைக்கே மரகதத்தின் சிமிழுக்குப் பழைய குரல் திரும்ப வந்தது. டாக்டர் கம்பெனிக்கு எழுதினாள். உபயோகிப்பவர்கள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறோமே என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

"இப்ப நீங்க இருக்கிற நிலைமைல அவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்," என்றாள் டாக்டர். "இன்னொரு தடவை விழுந்தா அவர் பிழைக்க மாட்டார். உங்களுக்குத் தெம்பு வர்ற வரைக்கும் ஒரு இல்லத்துல இருக்கட்டும். நீங்களே தனியா அவரைத் தூக்கிக் காட்டுங்க, அன்னைக்குக் கூட்டிட்டுப் போங்க."

தாராபுரம் ரோட்டில் ஒரு முதியோர் இல்லம். சுத்தமாக இருந்தது, வேப்பமரம்கூட இருந்தது. மேனேஜர் ஜெகதீசன் நல்ல மாதிரியாகப் பேசினான். மரகதம் அவனிடம் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அவருக்கு அந்த ஒரு வார்த்தைதானுங்க தம்பி. எதக் கேட்டாலும் ஆச்சும்பாரு. நெசமாலுமே ஆச்சுன்னு நெனைச்சுப் போடாதீங்க. ராகத்தை வெச்சுத்தான் கண்டுபுடிக்கோணும்."

"தெரியுமுங்க்கா, நாங்க பார்க்காத ஆளுங்களா? ஐயா கொஞ்சம் கனந்தான். எங்க பொண்ணுக ரெண்டு பேரு சேந்தாத்தான் தூக்கறாங்க. அதுக்கும் எங்ககிட்ட வழி இருக்குதுங்க. மொத்தப் பராமரிப்பும் எங்க டாக்டரே பார்த்துக்குவாரு. சரிங்களாக்கா?"

"சரிங்க," என்றாள் மரகதம்.

வீட்டுக்கு வந்தாள். காலி கட்டிலைப் பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எட்டு மணிக்கு ரேஷன் கடைக் குரல், "உணவு உட்கொண்டீர்களா? ஆம், இல்லை," என்றது. அந்தக் குரலிடம் மரியாதை பார்க்க ஒன்றுமில்லை. "இல்லை," என்றாள் மரகதம். "பதிவு செய்யப்பட்டது," என்றது அது.

அதன்பிறகு அவள் செய்ததெல்லாம் அவரைத் திரும்பக் கொண்டுவருவதற்காகத்தான். பசிக்காமலே சாப்பிட்டாள். முட்டையை மாத்திரை விழுங்குவது போல விழுங்கினாள். கொள்ளும் பயறும் வேகவைத்துக் கடைந்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். எண்ணெய் கேனில் மண்ணை நிரப்பித் தூக்கினாள். மண்ணைக் கூட்டிக்கொண்டே போனாள். நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள், விழுந்தாள், எழுந்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. மரகதம் அப்படியே நின்றாள். வயிற்றுக்குள் ஏதோ கிள்ளியது. பசி! கடன்காரனைக் கண்டால் ஒளிவது போல அத்தனை வருஷம் அதைக் கண்டு பயந்தவள், அன்று அடுப்படியில் நின்றபடி பழைய சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டே ஆனந்தமாக அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப்போய் அவரைப் பார்ப்பாள். நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். கழுத்துவரை போர்வை போர்த்திப் படுத்திருப்பார். முதலில் அவளைக் கண்டதும் வெட்டி வெட்டி ஆச்சு சொன்னார். தன்னை விட்டுவிட்டுப் போன கோபம். பிறகு கோபம் குறைந்தது. முகம் கொஞ்சம் வற்றியிருந்தது.

"எளைச்சிருக்காரே பேபி," என்றாள் ஒருமுறை, அங்கே வேலை பார்க்கிற பெண்ணிடம்.

"படுத்த ஒடம்புங்க்கா, எளைக்கத்தான் செய்யும். ஆனா தொந்தரவே பண்றதில்லீங்க. போதுமான்னா ஆச்சும்பாரு."

மரகதம் யோசித்தாள். அப்போது அவள் சொன்னதை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவள் நெஞ்சிலடித்துக்கொள்வாள். "எளைச்சாலும் நல்லதுதான். நாளைக்கு நாந்தானே தூக்கோணும். லேசா இருக்கும்," என்றாள்.

மழை விட்ட ஒரு மாதத்தில் டாக்டர் ரெஹானா அவளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, தோளில் தட்டி, "போய்க் கூட்டிட்டு வாங்கம்மா," என்றாள். மரகதம் அடுத்த நாளே கிளம்பினாள். அவருக்குப் புது வேட்டி எடுத்துக்கொண்டாள். அன்று வீட்டுக்கு அனுப்புகிற நாள் என்பதால் பகலிலேயே உள்ளே விட்டார்கள்.

"நீ தள்ளிக்கோ பேபி. நான் ஒண்டியாத் தூக்கறேன்," என்றாள்.

அவர் இடக்கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அக்குளுக்குக் கீழே கை கொடுத்தாள். மூச்சைப் பிடித்து, மண் கேனுக்குப் பழகிய தொடையை ஊன்றி எழுப்பினாள். எழுந்துவிட்டார்! ஒரு நடுக்கமில்லை, ஒரு வலியில்லை. மரகதத்துக்கு அப்படியொரு பெருமிதம். "பாத்தீங்களா, தூக்கிப்போட்டேன்! ஊட்டுக்குப் போலாம் வாங்க," என்று அவர் காதில் சொன்னாள்.

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு ஏதோ உறைத்தது. இத்தனை லேசாகவா? போர்வை நழுவிக் கீழே விழுந்தது. அவர் தோளெலும்பு அவள் கன்னத்தில் குத்தியது. சட்டைக்குள்ளே ஆள் இல்லை. ஏந்தியிருந்த கையை மேலே நகர்த்தி அவர் புஜத்தைப் பற்றினாள். பற்றிய இடத்தில், தோலுக்கடியில், புளியங்கொட்டை அளவில் ஒன்று உருண்டது.

"பேபி, என்ன இது?"

"சிமிழுங்க்கா. கனமா இருக்கறவங்க எல்லாத்துக்கும் இங்க வெச்சுருவாங்க. தூக்க லேசா இருக்கோணுமில்லீங்க? பாத்தீங்களா, இப்ப நான் ஒருத்தியே தூக்கறேன்." பேபி சந்தோஷமாகச் சொன்னாள். "உங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் வெச்சதா மேனேஜர் சொன்னாருங்களே. நீங்க சரின்னீங்களாமா."

மரகதம் அவரை மார்போடு அணைத்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள். சுவரில் கடிகாரம் ஒரு மணியைத் தொட்டது. நாச்சிமுத்துவின் புஜத்திலிருந்து, வேலியோரம் நிற்கிற மருமகளின் குரல், பதவிசாகக் கேட்டது.

"சாப்டாச்சுங்களா?"

"ஆச்சு," என்றார் நாச்சிமுத்து.

அவள் காதுகொடுத்துக் கேட்டாள். இழுப்பில்லை, வெட்டில்லை, கேள்வியில்லை. சாயங்கால ராகமும் இல்லை. அந்த ஒரு வார்த்தையில் எந்த ராகமுமே இல்லை.

"இல்லீங்க!" மரகதம் அவர் புஜத்தின் மேல் வாயை வைத்துக் கத்தினாள். "இல்லீங்க, அவரு சாப்பிடலீங்க! அவருக்கு அந்த ஒரு வார்த்தைதானுங்க! இல்லீங்க, இல்லீங்க!"

அதற்கு அவள் குரல் தெரியாது.

"ரொம்ப சந்தோசமுங்க," என்றது அது.